பச்சைக் குழி

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் நாம் இருவரும் கத்திக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் சாம்பிள் எடுக்க நம் முலாம் பட்டறைக்கு வந்த டெக்னீஷியன் சில படங்கள் அனுப்பினான். பின்சுவரை ஒட்டிப் பழைய செங்கல் குழி ஒன்று இருக்கிறதே, அதற்குள் என்னுடைய ஆடைகள் கிடக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, குழி நிறைய. மேலே பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

அந்த ஆடை என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் மறந்துவிட்டதுபோல் தெரிகிறது. சர்க்கரைத் தண்ணீரில் ஒரு பாக்டீரியாவை வளர்த்தால், காய்ச்சிய பாலில் படிவதுபோல் மேலே ஆடை படியும். உங்கள் ஆட்களே அதற்குப் பாலாடை என்று பெயர் வைத்தார்கள். அதைப் பக்குவப்படுத்திச் சட்டத்தில் மாட்டிக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினால், குழாய்க்கும் கைப்பிடிக்கும் முலாம் பூசிய தண்ணீரில் மிச்சமிருக்கும் நிக்கலை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே போகிற தண்ணீர் சுத்தமாகப் போகும். பிடித்த நிக்கல் மாயமாகிவிடாது. ஆடைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஆடையைக் குழியில் வீசுவதும் அந்த நிக்கலை அள்ளிக்கொண்டுபோய் மண்ணில் கொட்டுவதும் ஒன்றுதான்.

அந்த பாக்டீரியாவோடு மல்லுக்கட்டிய வருஷங்களில் எனக்கு வேறு வாழ்க்கை இருக்கவில்லை. முதன்முதலில் அதை எங்கே வைப்பது என்று ஆய்வுக்கூடத்தில் கேட்டபோது, யோசிக்காமல் என் அண்ணன் பட்டறையில் என்றேன். அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. அப்பாவுக்குப் பிறகு அவர் பட்டறையை எப்படி நடத்தினார் என்பது எனக்குத் தெரியும். முதுகில் அறுவை சிகிச்சை ஆகி அவர் படுக்கையில் விழுந்தார், சாவி உங்கள் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் இந்த லட்சணம்.

கொட்டச் சொன்னது யார்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 12

டாக்டரம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. ஒருமுறை பட்டறையிலும் ஒருமுறை வீட்டிலும் படித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே எரிச்சல்தான் வந்தது.

திறப்பு நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் இயக்குநர் ரிப்பன் வெட்டினார். தொட்டியிலிருந்து வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து நீ கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒருத்திதான் ஓரமாக நின்று கேட்டேன்.

"நிறைஞ்சுபோன ஆடையை என்ன பண்றது?"

"அது அடுத்த கட்டம் அண்ணி. கழுவுற தொட்டி ஒண்ணு வரும். ஆடையைக் கழுவி நிக்கலைத் தனியா எடுத்துட்டு, ஆடையைத் திரும்ப மாட்டிக்கலாம். அதுவரைக்கும் டிரம்ல போட்டு வைங்க."

போட்டு வைத்தோம். முதலில் பின் கொட்டகை நிறைந்தது. பிறகு சைக்கிள் நிறுத்துகிற இடம். பிறகு கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. உனக்குப் போன் போட்டால் உன் உதவியாளர் எடுத்து, மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார். டிரம் வைக்க இனி இடமில்லை, தொட்டி எப்போது வரும் என்று செய்தி அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினாய். தொட்டி வரும் என்று அர்த்தமா, வராது என்று அர்த்தமா? அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை விளங்கவில்லை.

படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை இருக்கிறது. கடைக்காரம்மா நேராக என் அறைக்கு வந்து, மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார். விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

"சோப்பு ஒத்துக்கலையோன்னு சோப்பை மாத்தினேன். கையுறை போட்டுப் பாத்தேன். தண்ணியை மட்டும் மாத்த முடியலை. எனக்கு அந்த ஒரு போர்க் கிணறுதான். உங்க பட்டறையில என்ன பண்றீங்க?"

அந்தக் கைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது? உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஏதாவது பக்கத்தில் பதில் இருந்தால் அனுப்பி வை.

கொட்டச் சொன்னது யார் என்று கேட்கிறாய். பட்டறை என் பொறுப்பு. என் பெயரையே எழுதிக்கொள்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

எழுதிக்கொண்டேன்.

சலவைக்கடை போரிலிருந்து சாம்பிள் எடுத்துவரச் சொல்லி நானே சோதித்தேன். மனிதர் தொடக்கூடாத அளவுக்கு நிக்கல் இருக்கிறது. ஆடை வருவதற்கு முன்பு, பட்டறைத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விட்ட காலத்தில்கூட அந்தப் போரில் இவ்வளவு இருந்ததில்லை. எப்படி என்று மண்டை குழம்பி, டெக்னீஷியனைக் கேட்டேன். முலாம் பூசுவதற்கு முன் இரும்பைத் துரு நீக்குகிற ஆசிட் இருக்கிறதே, அது வீரியம் போனதும் வாளி வாளியாக அந்தக் குழியில்தான் ஊற்றுகிறார்களாம்.

ஆசிட் பட்டால் ஆடை பிடியை விட்டுவிடும் அண்ணி. கழுவும் தொட்டியின் சூட்சுமமே அதுதான். ஆசிட் பட்ட ஆடையெல்லாம் பல மாதமாகப் பொறுமையாகச் சேர்த்துவைத்ததை ஒரே வீச்சில் கக்கிவிட்டது. தொட்டிக்குள் நாங்கள் செய்ய நினைத்ததை நீங்கள் மண்ணுக்குள் செய்து முடித்துவிட்டீர்கள்.

கட்டைவிரலைப் பிடித்துத் தொங்காதீர்கள். நான் அப்போது விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தொட்டிக்கு நிதி வரவில்லை. இயக்குநர் இன்று நாளை என்று இழுத்தார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? டிரம் நிறைந்தால் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த உங்களுக்கு மனசு வந்திருக்காது. ஆர்டர் தவறக்கூடாது, லாரி நிற்கக்கூடாது, நீங்கள் அண்ணனைவிடக் கெட்டிக்காரி என்று நாலு பேர் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் தண்ணீரில் கைவைத்ததில்லை. அது வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் முடிகிறது.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். அண்ணன் முகத்துக்காக இத்தனை நாள் பொறுத்தேன்.

நாத்தனார்

*

மார்ச் 1

வெளியிலிருந்து வந்தவள் எழுதுகிறேன்.

உன் அண்ணனோடு வாழ்ந்து தலை நரைத்துவிட்டது. உங்கள் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அவர் கேட்டதெல்லாம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர். அப்போதெல்லாம் நான் உள்ளேதான் இருந்தேன். ஒரு குழி நிறைந்ததும் வெளியே போய்விட்டேன், இல்லையா?

வாயை மூடிக்கொண்டே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ இருக்க விடவில்லை. கேள்.

சலவைக்கடைக்காரம்மா கையைக் காட்டிவிட்டுப் போனதும் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கொட்டகையில் டிரம் எல்லாம் காலி. அவ்வளவையும் நம் சரக்கு ஏற்றுகிற லாரிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை மூடியிருந்தபோது வந்து குழியில் கவிழ்த்திருக்கிறார். கவிழ்க்கச் சொல்லி அவருக்குப் போன் வந்திருக்கிறது. யாரிடமிருந்து என்று அவரிடமே கேட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"லாரிக்காரர்கிட்ட நீங்கதான் சொன்னீங்களாமே."

"எதை?"

"ஆடையைக் கொட்டச் சொன்னதை."

"டிரம் வைக்க இடமில்லைன்னு நீதானே புலம்பின. அது வெறும் ஜவ்வுதானே. பாக்டீரியா பண்ணினது. மண்ணோட மக்கிப்போகும்னு அவளே மைக்ல சொன்னா. நீயும்தானே கேட்ட?"

"மக்குற சாமானுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"சொன்னா நீ விடமாட்ட," என்றார்.

அதாவது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. முழுக்கத் தெரிந்திருக்காது. தப்பு என்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்தி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "வாலுகிட்ட மட்டும் சொல்லிடாதே." வீட்டில் நீ இன்னும் அவருக்கு வாலுதான். அலுவலகத்துக்கு அவர் பயப்படவில்லை, வழக்குக்குப் பயப்படவில்லை. நீ அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்று பயந்தார். அதற்காக உன் ஏச்சையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். போதும், இனி என்னால் முடியாது.

இன்னொன்று. அடுத்த தெருப் பட்டறைக்கு உங்கள் ஆய்வுக்கூடத்து ஆள் ஒருவர் வழுவழுப்பான விளம்பரத் தாளோடு வந்திருக்கிறார். ஆடை மட்டும் வாங்கினால் போதும், வேறு செலவில்லை, மண்ணிலேயே மக்கும் என்கிறாராம். அந்தப் பட்டறைக்குப் பின்னாலும் ஒரு குழி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது குடியிருப்பார்கள்.

அலுவலகத்துக்கு எழுது. தாராளமாக எழுது. எழுதும்போது உன் பெயரையும் சேர்த்து எழுது.

*

மார்ச் 9

அண்ணி,

நம்பவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, அண்ணி சொல்றது உண்மையா?"

"சாப்பிட்டியா?" என்றார்.

மறுபடி கேட்டேன்.

"நீதானேம்மா மக்கும்னு சொன்ன."

"நான் சொன்னது வெறும் ஆடையை. நிக்கல் குடிச்ச ஆடையை இல்லை."

"அதை நீ சொல்லலையே."

நான் போனை வைத்துவிட்டேன். இதுவரை அவர் பேசும்போது நான் போனை வைத்ததில்லை.

அவர்மேல் எவ்வளவு கோபம் என்று எழுதிக் காட்டத் தெரியவில்லை. ஆனால் உங்கள்மேலும் கோபம் இருக்கிறது. ஏன் மறைத்தீர்கள்? உங்களை வாயில் வந்தபடி திட்டினேன், நீங்கள் வாங்கிக்கொண்டே இருந்தீர்கள். அது அன்பு என்றால் அப்படிப்பட்ட அன்பு எனக்கு வேண்டாம். இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டியவளாக நான் நிற்கிறேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்று எழுதியது கேவலம். அந்த வரிக்கு மட்டும் கேட்கிறேன். மற்றதற்குப் பிறகு பார்ப்போம்.

இயக்குநரிடம் போனேன். படங்களைக் காட்டினேன், போர்த் தண்ணீர் முடிவையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பட்டறைக்காரங்க தப்பாப் பயன்படுத்தியிருக்காங்க. அப்படியே அறிக்கை எழுதிடுங்க. ஆடை மேல தப்பு இல்லையே?"

"தொட்டி இல்லாம ஆடையைக் கொடுத்தது நம்ம தப்பு சார். இப்ப வித்துட்டும் இருக்கோம்."

"உங்க அண்ணன் பட்டறைன்னு பாக்காதீங்க. மனசைக் கல்லாக்கிக்கிட்டு எழுதுங்க."

அண்ணனைக் காப்பாற்ற நான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

அந்த விளம்பரத் தாள் ஒன்று எனக்கு வேண்டும். இங்கே யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறார்கள்.

*

மார்ச் 22

சின்னவளுக்கு,

தாள் இதனுடன் இருக்கிறது. அடுத்த தெருப் பட்டறை முதலாளி தர மாட்டேன் என்றார். அவருக்கு ஆடை வாங்குகிற ஆசை. குழியைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று கூட்டி வந்தேன். பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, தாளை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நீ எழுதுகிறாயா இல்லையா என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரிக்கு, ஒருத்தி தன் பட்டறைமேல் தானே புகார் கொடுக்கிறாள் என்பது விளங்கவே இல்லை. "உங்க போட்டிக்காரங்க யாரும்மா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எழுதிக்கொண்டார். பட்டறைக்கு சீல் வைத்துவிட்டார்கள். குழியைச் சுத்தம் செய்ய மட்டும் பின்வாசலைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

வாசலில் ஆட்கள் நின்றார்கள். பாலிஷ் போடுகிறவர், உனக்குத் தெரியும், சாதாரணமாக வாயே திறக்கமாட்டார். அவர்தான் கேட்டார்.

"நீங்க நல்லவங்க ஆகுறதுக்கு எங்க வயிறுதான் கிடைச்சுதா?"

பாதிச் சம்பளமாவது தருகிறேன், குழியைத் தோண்ட வருகிறவர்கள் வரலாம் என்றேன். சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். சிலர் வந்தார்கள். மறுநாள் பாலிஷ்காரரும் வந்தார். என்னைப் பார்க்காமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

பூட்ஸ், உறை, மூக்குக்கு மூடி எல்லாம் போட்டுக்கொண்டு ஆடைகளை வெளியே எடுக்கிறோம். கையில் எடுத்தால் வழுக்குகிறது, நாறுகிறது. நீ அதை டம்ளர் தண்ணீருக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துக் காட்டியபோது வெந்த முட்டை வெள்ளைபோல் எவ்வளவு சுத்தமாக இருந்தது. எடுத்ததையெல்லாம் மூடிபோட்ட டிரம்மில் வைத்து, கொட்டகைக்குள் சிமெண்ட் தரைமேல் அடுக்கியிருக்கிறோம். குழித் தண்ணீரையும் இறைத்துத் தனியாக வைத்திருக்கிறோம்.

உன் அண்ணன் ஊன்றுகோலோடு வந்து குழி ஓரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சலவைக்கடைக்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். இவர் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா, "உங்க பேச்சு எனக்கு வேணாம், தண்ணியைக் கொடுங்க," என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இவர் அழுதார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். போகவில்லை.

தொட்டியை அனுப்பு. நிதி வரவில்லை, மீட்டிங் நடக்கிறது என்கிற கதையெல்லாம் வேண்டாம். கையில் அள்ளிக்கொண்டு நிற்கிறோம், கழுவ இடமில்லை.

*

ஏப்ரல் 6

அண்ணி,

ஆய்வுக்கூடத்துப் பெரிய கூட்டத்தில் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தேன். இப்படி ஒரு தாளே இல்லை என்று சொன்ன மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். இயக்குநர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணில் மக்கும்னு நாங்களா சொன்னோம்? அது உங்க வாக்கியம்," என்றார்.

உண்மை. திறப்பு நாளில் நான் மைக்கில் சொன்னதை எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். ஆமாம், என் வாக்கியம்தான், அது பாதி வாக்கியம், மீதியையும் அச்சடியுங்கள் என்றேன். நிக்கல் குடித்த ஆடை விஷச் சரக்கு, கழுவும் தொட்டி இல்லாத இடத்துக்கு இதை விற்கக்கூடாது, விற்றதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பட்டறைக்காரர்கள் தப்பு என்று எழுதச் சொன்ன அறிக்கையை எழுதவில்லை. அண்ணன் செய்ததையும் அதில் மறைக்கவில்லை. லாரி, ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் ஊற்றிய ஆசிட் எல்லாம் இருக்கிறது. அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் புகாரும் அலுவலகம் வழியாக இங்கே வந்து சேர்ந்திருந்ததால் அவர்களால் என் காகிதத்தை அலமாரியில் போட முடியவில்லை. விற்பனையை நிறுத்திவிட்டார்கள். என்னையும் நிறுத்திவிட்டார்கள். ஆடை வேலை இனி வேறொருவர் கையில். எனக்குப் பழைய கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில் ஒரு நாற்காலி. இப்போது அதற்குக்கூட லீவு போட்டிருக்கிறேன். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதால் தாடை வலிக்கிறது.

தொட்டியை ஆய்வுக்கூடம் தரவில்லை. சோதனைக்கு வைத்திருந்த சின்னத் தொட்டியைச் சண்டை போட்டு வாங்கினேன். டெக்னீஷியன் கொண்டுவந்து மாட்டுவான். கழுவுவது எப்படி என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன். சின்னதுதான், மெதுவாகத்தான் கழுவும்.

நான் வரலாமா? அண்ணன் என்னோடு பேசுவாரா என்று கேட்கவில்லை. நீங்கள் என்னை உள்ளே விடுவீர்களா என்றுதான் கேட்கிறேன்.

*

ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

தொட்டி வந்தது. நீ எழுதியதில் பாதி புரிந்தது, மீதியை உன் டெக்னீஷியன் சொல்லிக் கொடுத்தான். முதல் ஆடையை ஆசிட் தண்ணீரில் இறக்கியதும் தண்ணீர் பச்சையாக மாறியது, ஆடை வெளுத்தது. பாலிஷ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே குடுத்திருந்தா என்னவாம்?" என்றார். உன் காதில் விழ வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆடையைக் கழுவலாம். மண்ணை எப்படிக் கழுவுவது? போரில் அளவு கொஞ்சமும் இறங்கவில்லை. குழியின் அடிமண்ணை வெட்டி எடுத்தாயிற்று. கீழே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதிகாரிக்கும் தெரியவில்லை. சலவைக்கடைக்கும் அந்த வரிசை வீடுகளுக்கும் லாரியில் தண்ணீர் இறக்குகிறோம். உன் அண்ணன் அப்பாவின் வேனை விற்றுவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, விற்றுவிட்டு வந்து சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எங்களுக்குள் இப்போது பேச்சு அந்த அளவில்தான். அவர் செய்ததை நீ எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "சரியாத்தான் எழுதியிருப்பா," என்றார்.

நேற்று சலவைக்கடைக்காரம்மா பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். கையில் மருந்துத் துணி சுற்றியிருந்தது. ஆடை கழுவுவதை நின்று பார்த்தார்.

"இது எப்ப முடியும்?"

"ஆடை முடிஞ்சிடும். உங்க தண்ணி எப்ப சரியாகும்னு எனக்குத் தெரியலை," என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

"தெரிஞ்சவங்க யாரு?"

"என் நாத்தனாருக்குத் தெரியலாம். அவளுக்கும் தெரியாம இருக்கலாம்."

அந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். என் அறைக்குள் போய் நாற்காலியைத் தூக்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். என் கண்ணு முன்னாடி பண்ணுங்க."

இன்று காலையும் வந்துவிட்டார். தினமும் வருவார் என்றுதான் தோன்றுகிறது. பாலிஷ்காரர் சட்டத்தைக் கோணலாக மாட்டினால் அதட்டுகிறார். எனக்கே அந்த அதட்டல் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

உன்மேல் கோபம் போகவில்லை. போகும் என்று சொல்லவும் மாட்டேன். வா. ஆனால் அந்தம்மா கேட்கிற கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், மைக் இல்லாமல். பட்டறையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நீயும் என்னைப்போல் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

அண்ணி